அஞ்சலை ஆள்பவர்களுக்கு ஒரு சிறு வியாபாரியின் மடல்

அஞ்சலுக்குச் சட்டம் எழுதுகிறவர்களுக்கும், அதன் வரவு செலவைத் தீர்மானிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் எப்படியோ என் பேக்கிங் மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நான் தையல் மெஷின் உதிரி பாகங்கள் விற்கிறேன். பாபின், பாபின் கேஸ், ஷட்டில், பிரஷர் ஃபுட், ஊசிப் பாக்கெட் என்று என் சரக்கில் பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கும். வாங்குகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது தபால் ஒன்றுதான். அந்தத் தபாலின் எதிர்காலம் பற்றி எங்கும் விவாதம் நடக்கிறது. அதில் தொழிற்சங்கம் பேசுகிறது, நிதித்துறை பேசுகிறது, பெரிய இணைய வணிக நிறுவனங்கள் பேசுகின்றன. மாதம் சில நூறு உறை அனுப்புகிற என்னைப் போன்றவர்கள் அங்கே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதை முடிகிற இடத்தில் ஒரு வீடு. அங்கே ஒரு அம்மா துணி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். மெஷின் பழசு, அந்த மாடல் இப்போது வருவதில்லை. பாபின் கேஸில் விரிசல் விழுந்து நூல் சிக்கிக்கொண்டே இருந்தது. என்னிடம் அந்த மாடலுக்கு இரண்டே இரண்டு கேஸ் மிச்சம். ஒன்றை எடுத்து, துரு ஏறாமலிருக்க ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, உள்ளே உருளாதபடி டேப் ஒட்டினேன். உருண்டால் உறை ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும், தரம் பிரிக்கும் இயந்திரத்தில் மாட்டிக் கிழியும். கிழிந்து திரும்பி வந்த உறைகளிடம் கற்றுக்கொண்ட பாடம் இது. அவசரம் என்று அவர் சொன்னதால் தனியார் கூரியர் ஒன்றில் போட்டேன். ஒன்பதாம் நாள் பொட்டலம் என்னிடமே திரும்பி வந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஒரே வரி: இந்த முகவரிக்குச் சேவை இல்லை. அப்புறம் அதே பொட்டலத்தின் மேல் புது முகவரிச் சீட்டு ஒட்டி, தபாலில் பதிவு செய்து அனுப்பினேன். நான்காம் நாள் போயிருக்கிறது, வீடு பூட்டியிருந்திருக்கிறது. தபால்காரர் மறுநாளும் ஏறிப் போய், கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

அந்தக் கூரியர் நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம்தான். கட்டுப்படியாகாத இடத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. தபாலுக்கு அந்த உரிமை கிடையாது. எந்த முகவரியையும் மறுக்க மாட்டோம், கடைசி வீடு என்பதற்காகத் தனிக் கட்டணம் போட மாட்டோம் என்ற வாக்கைத்தான் நான் காசு கொடுத்து வாங்குகிறேன். 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த உலக அஞ்சல் ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் இருக்கின்றன. தங்கள் எல்லைக்குள் எல்லா இடங்களிலும், தரமான அடிப்படை அஞ்சல் சேவையை, மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில், இடைவிடாமல் தர வேண்டும் என்று அதன் உடன்படிக்கை சொல்கிறது. நான் கேட்கப்போகும் எல்லாமே ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அந்த வாசகத்துக்குள் அடங்கும்.

ஒரே கட்டணம் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் வியாபாரிகளின் கை இருந்தது. அதை வியாபாரிகளே மறந்துவிட்டோம். பிரிட்டனில் அப்போதெல்லாம் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுகிறவர்தான் காசு கொடுத்தார். 1837-ல், தபாலைச் சீர்திருத்தக் கேட்ட ரோலண்ட் ஹில் என்பவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் 36-ல் ஒரு பங்குதான் என்று காட்டினார். மீதிச் செலவெல்லாம் இரண்டு முனைகளில் இருந்தது. தூரம் பார்த்துக் கட்டணம் எழுதுவது, வாசலில் நின்று காசு வாங்குவது, வாங்கியதற்குக் கணக்கு வைப்பது. முன்கூட்டியே கட்டும் ஒரே கட்டணம் போட்டால் இவ்வளவும் மிச்சம் என்றார். 1838-ல் லண்டன் வணிகர்களும் வங்கியாளர்களும் குழு அமைத்து அவர் பின்னால் நின்றார்கள். 1840-ல் ஒரு பென்னிக் கட்டணம் வந்தது. முந்தைய ஆண்டு சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் அந்த ஓராண்டிலேயே ஏறக்குறைய 16.9 கோடியாயின.

ஆனால் அரசுக்குத் தபாலில் கிடைத்த நிகர வருவாய் சரிந்தது. பழைய அளவைத் தொட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தபால் துறையின் பேரேட்டை மட்டும் பார்த்தால் அது தோல்வி. அந்த 20 ஆண்டுகளில் ஒரு பென்னியில் விலை கேட்டு, ஒரு பென்னியில் ஆர்டர் கொடுத்து, ஒரு பென்னியில் பாக்கி கேட்டு நடந்த வியாபாரம் எதுவும் அந்தப் பேரேட்டில் ஏறாது. நான் உங்களிடம் சொல்ல வந்ததும் இதுதான். தபாலின் செலவு முழுவதும் உங்கள் ஒரு புத்தகத்தில் விழுகிறது. அதன் வரவு எங்களைப் போன்ற ஆயிரமாயிரம் பேரின் புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது. தயவுசெய்து ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கடிதம் குறைந்துவிட்டதை நான் மறுக்கவில்லை. நானே பில்லை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறேன். டென்மார்க்கில் 2000-ல் 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024-ல் 11 கோடிக்கு இறங்கின. 1624-ல் தொடங்கிய அரசுத் தபால் அங்கே 2025 டிசம்பர் 30-ம் தேதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. தெருவில் நின்ற 1,500 சிவப்புத் தபால் பெட்டிகள் கழற்றப்பட்டன. ஆனால் அதற்கு முன்பே, 2024-ல், எல்லோருக்கும் கடிதம் சேர்க்கும் கடமையைச் சட்டம் அந்த நிறுவனத்தின் தோளிலிருந்து இறக்கிவிட்டது. கடிதத்துக்கு இருந்த வரி விலக்கும் போய், தபால்தலை விலை ஏறியது. அரசு ஓலை முதல் மருத்துவமனை அழைப்பு வரை டிஜிட்டலுக்கு மாறிய சின்ன நாடு அது, அவர்களுக்கு அது பொருந்தலாம். இதை மாதிரியாக எடுத்துக்கொள்ள நினைக்கும் மற்ற நாடுகளிடம் ஒன்று சொல்கிறேன். அதே டேனிஷ் நிறுவனம் பார்சலை விடவில்லை. கடிதம் போனாலும் வாசல் வரை போகும் வேலை போகவில்லை.

தபால் இப்படித் தொழில் மாற்றிக்கொள்வது புதிதும் இல்லை. அமெரிக்காவில் 1896-ல்தான் கிராமப்புற வீடுகளுக்கு இலவசப் பட்டுவாடா தொடங்கியது. அதுவரை விவசாயி வண்டி கட்டிக்கொண்டு போய்த்தான் தன் கடிதத்தை வாங்கி வந்தார். கனமான பார்சலோ தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளின் கையில் இருந்தது. தபாலில் பார்சல் வரக்கூடாது என்று அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஊர்க் கடைக்காரர்களும் தங்கள் வியாபாரம் போய்விடும் என்று பயந்தார்கள். கடைசியில் 1913 ஜனவரி 1 அன்று பார்சல் சேவை வந்தது. முதல் ஆறு மாதத்தில் மட்டும் 30 கோடி பார்சல்கள் போயின. கேட்லாக் பார்த்து ஆர்டர் கொடுக்கும் வியாபாரம் அதன் முதுகில் ஏறித்தான் அத்தனை பெரிதாக வளர்ந்தது. கடிதத்துக்காகப் போட்ட வழியில் பார்சல் நடந்தது. அந்த வழி இல்லாமலிருந்தால் எந்த வியாபாரியும் தன் சொந்தக் காசில் அதைப் போட்டிருக்க முடியாது.

இன்று பார்சல் மலைபோலப் பெருகியிருக்கும்போது தபால் மட்டும் ஏன் நஷ்டத்தில் தள்ளாடுகிறது? அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நாற்பது பார்சல் இறக்குகிறவருக்கு ஒவ்வொன்றின் செலவும் சொற்பம். ஒரே ஒரு உறையோடு மலைப்பாதை ஏறுகிறவருக்கு அந்த நடை மொத்தமும் அந்த ஒரு உறையின் தலையில். இரண்டையும் ஒரே பையில் போட்டு, ஒரே சராசரி விலையில் ஓட்டியவரை கணக்கு சரிக்கட்டியது. போட்டிக்குக் கதவு திறந்தபோது வந்தவர்கள் முதல் வகைத் தெருக்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வகை தபாலிடம் மிஞ்சியது. இப்போது மிஞ்சியதை மட்டும் எடை போட்டு, தபால் கட்டுப்படியாகவில்லை என்கிறோம். இது நியாயமான தராசு இல்லை.

சரி, என்ன செய்யலாம்? போட்டியை ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் கூரியரில் அனுப்புகிறவன்தான். எல்லோருக்கும் சேவை தரும் கடமைக்கு எவ்வளவு செலவாகிறது என்று தனியாகக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுங்கள். அப்புறம் அதற்கு யார் காசு கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். அரசு தன் கருவூலத்திலிருந்து கொடுக்கலாம். அல்லது பட்டுவாடாத் தொழிலில் இருக்கும் எல்லா நிறுவனங்களும் ஒரு நிதியில் பங்கு போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1997-ம் ஆண்டு அஞ்சல் நெறிமுறையே அப்படியொரு ஈட்டு நிதிக்கு இடம் தருகிறது. எது வேண்டுமானாலும் சரி. கடமையை மட்டும் தபாலின் தலையில் வைத்துவிட்டு, அதற்கான காசைப் பற்றிப் பேசாமல், வருடக் கடைசியில் நஷ்டம் என்று அறிவிக்காதீர்கள்.

நஷ்டம் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2006-ல் வந்த ஒரு சட்டம், ஓய்வு பெறும் ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கான நிதியைப் பல ஆண்டுகள் முன்கூட்டியே சேர்த்து வைக்கும்படி தபால் துறைக்கு உத்தரவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சுமார் 550 கோடி டாலர். கடிதம் குறையத் தொடங்கிய நேரத்தில்தான் இந்தச் சுமையும் ஏறியது. அடுத்த பல ஆண்டுகள் அறிவித்த நஷ்டத்தில் பெரும்பங்கு இந்தக் கட்டாயத் தொகைதான். 2022-ல் இன்னொரு சட்டம் வந்து அந்த நிபந்தனையை நீக்கி, கட்டாமல் நின்ற சுமார் 5,700 கோடி டாலரையும் அழித்தது. அதற்குப் பிறகும் அங்கே நஷ்டம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டுவாடாவில் வந்த நஷ்டம் எது, சட்டம் எழுதிய விதத்தில் வந்த நஷ்டம் எது என்று தெரியாமல், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு துறையைத் தோற்றுப்போனது என்று பேசியது பெரிய தவறு. என் கடையில் அப்படிக் கணக்கு வைத்தால் கடன் கொடுக்கிறவர்கூட ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அடுத்தது வேகம். பெரிய நிறுவனங்களோடு போட்டி போட்டு, இன்று கேட்டதை நாளை தர வேண்டும் என்று தபாலை விரட்டுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். என் வாடிக்கையாளர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். புதன்கிழமை வரும் என்று சொன்னால் புதன்கிழமை வர வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனி 2025 முதல் சட்டத்தை மாற்றி, கடிதங்களில் 95 விழுக்காடு மூன்றாம் வேலைநாளுக்குள்ளும் 99 விழுக்காடு நான்காம் வேலைநாளுக்குள்ளும் சேர்ந்தால் போதும் என்று வைத்தது. முன்பு 80 விழுக்காடு மறுநாளே சேர வேண்டும் என்று இருந்தது. இரவு விமானமும் அதிகாலை ஓட்டமும் குறைந்தால் செலவு குறையும். இதை நான் மனதார வரவேற்கிறேன். பிரிட்டனிலும் 2025 ஜூலை முதல் கட்டணம் குறைந்த இரண்டாம் வகுப்புக் கடிதங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டுவாடா என்று ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்தது. அதோடு, 99 விழுக்காடு தபால்கள் சொன்ன நாளிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் தாமதமாகக் கூடாது என்ற புது இலக்கையும் சேர்த்தது. எனக்கு இந்த இரண்டாவது விதிதான் தங்கம். சராசரியில் ஒளிந்துகொள்வது சுலபம். நூறில் தொண்ணூறு சரியாகப் போய், பத்து எங்கே என்றே தெரியாமல் போனால், அந்தப் பத்துப் பேர்தான் எனக்குப் போன் செய்கிறார்கள். அவர்கள்தான் மறுபடி என்னிடம் வாங்காமல் போகிறவர்கள்.

எல்லை தாண்டும் தபாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சிறியவர்கள் அதிகம் அடிபடுகிறோம். வெளிநாட்டுக்கு ஒரு ஊசிப் பாக்கெட் போக வேண்டுமானாலும் சிஎன் 22 என்ற சுங்க ஒட்டுச்சீட்டில் பொருள் என்ன, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும். சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீடும் போட்டால் நல்லது. தையல் மெஷின் ஊசிக்கு 8452.30, மற்ற பாகங்களுக்கு 8452.90. இது எனக்கு இப்போது மனப்பாடம். இந்த விவரங்களை மின்தரவாக முன்கூட்டியே அனுப்பவும் வேண்டும். இவ்வளவும் பழகிவிட்டோம். ஆனால் 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 800 டாலர் வரை மதிப்புள்ள சரக்குக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்ற சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற தெளிவு கடைசி வரை வரவில்லை. 88 அஞ்சல் நிறுவனங்கள் அந்த நாட்டுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஒரு வாரத்துக்கு முந்தைய அதே கிழமையோடு ஒப்பிட்டால், ஆகஸ்ட் 29 அன்று அங்கே போன தபால் 81 விழுக்காடு குறைந்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது.

தீர்வை போடுவது ஒரு நாட்டின் உரிமை. அதைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்ல இடமில்லை. நான் கேட்பது கால அவகாசம். பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமாகச் சுங்க முகவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சரக்கு அன்றும் போனது. எங்களுக்கு இருக்கும் ஒரே சுங்க முகவர் தபால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்தான். அவர் கையில் புது முறை வந்து, பழகி, கணினியில் ஏறுவதற்கு முன்பு விதி நடைமுறைக்கு வந்தால் எங்கள் கடைக்கு ஷட்டர் இறங்குகிறது. இத்தகைய மாற்றங்களுக்குக் குறைந்தபட்ச அவகாசத்தை உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். கவுண்டரிலேயே தீர்வையைக் கணக்கிட்டு, அங்கேயே கட்டி முடிக்கும் வசதி எல்லா உறுப்பு நாடுகளிலும் இருக்கட்டும்.

கடைசி மைலை, அதாவது வாசலில் கொண்டு சேர்க்கும் கடைசிக் கட்டத்தைப் பற்றி ஒரு யோசனை. அமெரிக்காவில் பெரிய தனியார் கூரியர்களே பல ஆண்டுகள் தங்கள் பார்சலைக் கடைசிக் கட்டத்தில் அரசுத் தபாலிடம் ஒப்படைத்து வந்தார்கள். தபால்காரர் எப்படியும் அந்தத் தெருவுக்குப் போகிறார் என்பதால் அது இருவருக்கும் லாபம். அந்தக் கதவை எங்களுக்கும் திறந்துவிடுங்கள். மொத்தமாகக் கொடுப்பவருக்குத் தள்ளுபடி தருவது நியாயம்தான். ஆனால் ஒரே பகுதியில் இருக்கும் இருபது சிறு வியாபாரிகள் சேர்ந்து, ஊர்வாரியாகத் தரம் பிரித்து, ஒரே பையாகக் கட்டிக் கொடுத்தால், அந்தத் தள்ளுபடி எங்களுக்கும் கிடைக்க வேண்டும். தரம் பிரிக்கும் வேலையில் பாதியை நாங்களே முடித்துத் தருகிறோம். கட்டணப் பட்டியலை ஒரே மாதிரி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பெரிய நிறுவனத்தோடு மூடிய அறையில் போடும் ஒப்பந்த விலை எவ்வளவு என்று தெரியாமல் நாங்கள் போட்டி போட முடியாது.

அஞ்சலகத்தில் சேமிப்பு, காப்பீடு, அடையாளச் சரிபார்ப்பு என்று வேறு சேவைகளைச் சேர்ப்பது நல்லதுதான். இத்தாலியின் அஞ்சல் நிறுவனம் அப்படித்தான் நிமிர்ந்து நிற்கிறது. கவுண்டர் திறந்திருக்க அது உதவும். ஆனால் அந்த லாபத்தைக் காட்டிப் பட்டுவாடாவை ஓரம்கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, தபால்காரர். பல நாடுகளில் நிரந்தர ஊழியரைக் குறைத்து, பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆள் வைக்கிறார்கள். செலவு குறைகிறது என்று கணக்குக் காட்டுகிறது. மேலே சொன்ன அந்த மலைப்பாதை வீட்டை நினைத்துப் பாருங்கள். பூட்டியிருந்த வீட்டுக்கு மறுநாள் மறுபடி ஏறியவர், அந்த அம்மா எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று அறிந்தவர். ஒரு பார்சலுக்கு ஒருமுறைதான் கூலி என்றால் அவர் இரண்டாம் முறை ஏறுவாரா? ஏறாத ஒவ்வொரு முறையும் பொட்டலம் திரும்பி வரும். திரும்பி வரும் செலவு, மறுபடி அனுப்பும் செலவு, கோபமான வாடிக்கையாளர் எல்லாம் என் புத்தகத்தில் ஏறும். தெருவைத் தெரிந்த ஒருவர் அதே தெருவில் பத்து வருடம் நடப்பதற்கு ஒரு விலை உண்டு. அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கடிதம் மட்டுமே நிறைத்த பைகள் திரும்ப வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டணம் ஏறக்கூடாது என்றும் சொல்லவில்லை. காரணம் சொல்லி, முன்கூட்டியே அறிவித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் தாங்கிக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள்தான் பட்டுவாடா என்றாலும் அதற்கேற்ப எங்கள் வேலையை மாற்றிக்கொள்வோம். எந்த முகவரியையும் விடாமல், எத்தனை நாளில், என்ன விலைக்குச் சேர்ப்பீர்கள் என்று மட்டும் அடுத்த பத்து ஆண்டுக்கு எழுத்தில் கொடுங்கள். என் அடுத்த கேட்லாக்கின் பின்னட்டையில் அதற்கு இடம் காலியாக விட்டிருக்கிறேன். அந்த ஒரே மாடலுக்கு மிச்சமிருக்கும் இன்னொரு பாபின் கேஸும் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது.

உண்மையுள்ள,
தபாலை நம்பித் தொழில் செய்யும் ஒருவன்